கானாவின் மின்சார அரசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்க, கானாவை மட்டும் எடுத்துக்கொண்டது ஏன்?

மின்சாரம் போதாமல் தவித்ததும், தேவைக்கு மேல் வாங்கிக் கடனில் விழுந்ததும் ஒரே நாட்டில் பத்தாண்டுகளுக்குள் நடந்திருக்கின்றன. 2012 முதல் 2016 வரை கானா மக்கள் முறைவைத்து இருட்டில் இருந்தார்கள். 2019 ஜூலையில் நிதியமைச்சர் கென் ஒஃபோரி-அட்டா நாடாளுமன்றத்தில் வேறொரு கணக்கைச் சொன்னார்: நிறுவுதிறன் 5,083 மெகாவாட், உச்சத் தேவை சுமார் 2,700 மெகாவாட், பயன்படுத்தாத திறனுக்காக ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் போகிறது. அந்த அறிவிப்புக்குப் பிறகும் மின்வெட்டு நிற்கவில்லை.

"ஆப்பிரிக்காவில் மின்சாரம் இல்லை, மின்நிலையம் கட்டினால் தீரும்" என்ற பொதுப்பேச்சைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கானா மக்களில் 85 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு மின் இணைப்பு இருக்கிறது; சகாராவுக்குத் தெற்கே இது முன்வரிசை. ஆகவே இங்கே சிக்கல் இணைப்பில் இல்லை. யார் யாரிடம் என்ன விலைக்கு வாங்கக் கையெழுத்துப் போட்டார்கள், பில் பணம் எங்கே நின்றுபோகிறது என்பதில்தான் இருக்கிறது.

அகோசோம்போ அணை யாருக்காகக் கட்டப்பட்டது?

அலுமினியத்துக்காக. வோல்ட்டா ஆற்றில் அணை கட்டும் யோசனை பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்திலேயே இருந்தது. 1957-ல் விடுதலை பெற்றபின் நாட்டின் முதல் தலைவர் குவாமே இன்க்ருமா அதைத் தொழில்மயமாக்கலின் அடித்தளமாகப் பார்த்தார். கானாவில் பாக்சைட் இருக்கிறது. அணை மின்சாரத்தால் அதை அலுமினாவாக்கி, பிறகு அலுமினியமாக்கி ஏற்றுமதி செய்வது என்பது திட்டம். ஆனால் உலக வங்கியும் அமெரிக்காவும் கடன் தர ஒரு நிபந்தனை இருந்தது. மின்சாரத்தைப் பெருமளவில் வாங்க உறுதியான வாடிக்கையாளர் ஒருவர் வேண்டும். அந்த வாடிக்கையாளராக வந்தது கைசர், ரெனால்ட்ஸ் என்ற இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய வால்கோ. அதில் 90 சதவீதம் கைசருடையது.

பேரத்தில் கைசரின் கை ஓங்கியிருந்தது. ஒரு யூனிட்டுக்கு 2.625 மில் என்று விலை நிர்ணயமானது. ஒரு சென்ட்டில் கால்பங்கைச் சற்றே தாண்டிய தொகை. ஒப்பந்தக் காலம் 30 ஆண்டுகள். உள்நாட்டுப் பாக்சைட்டைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், தேமா துறைமுகத்தில் இறக்குமதி அலுமினா வந்து இறங்கியது. அணை மின்சாரத்தில் பாதிக்கும் மேல் நீண்டகாலம் அந்த ஒரே ஆலைக்குத்தான் போயிற்று. 1966 ஜனவரி 22-ல் இன்க்ருமா அணையைத் திறந்துவைத்தார். அடுத்த மாதம் 24-ஆம் தேதி, அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. ஆட்சி மாறினாலும் ஒப்பந்தம் மாறவில்லை. 1983–84 வறட்சியில் ஏரி வற்றி, ஆலையே மூடப்பட்ட பிறகுதான் அன்றைய ஆட்சியாளர் ஜெர்ரி ராலிங்ஸின் அரசால் விலையைப் பல மடங்கு உயர்த்தி மறுபேச்சு நடத்த முடிந்தது.

இன்றைய தனியார் மின் ஒப்பந்தங்களில் தெரியும் அமைப்பு அன்றே உருவாகிவிட்டது என்பதே எங்கள் வாசிப்பு. கடன் கொடுப்பவருக்கு உத்தரவாதம், நீண்டகால நிலையான நிபந்தனை, மழை பொய்த்தால் வரும் இழப்பு நாட்டின் தலையில்.

அணையால் ஊரை இழந்தவர்கள் என்ன ஆனார்கள்?

வோல்ட்டா ஏரியின் பரப்பு சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். நாட்டின் நிலத்தில் மூன்றரை சதவீதம். 700-க்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து ஏறக்குறைய 80,000 பேர் 52 மறுகுடியேற்ற ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது முழுவீடு அன்று: ஓர் அறை முடிந்திருக்கும், மீதிக்குத் தளமும் கூரையும் இருக்கும், சுவரைக் குடும்பமே எழுப்பிக்கொள்ள வேண்டும். பலரிடம் அதற்குப் பணம் இல்லை. ஈடாகக் கிடைத்த நிலம் பழைய ஆற்றங்கரை நிலத்தைவிடக் குறைவு. தேங்கிய நீரில் நத்தைகள் பெருகி, கரையோர ஊர்களில் நத்தைக் காய்ச்சல் பரவியது. இந்த மறுகுடியேற்ற ஊர்கள் சிலவற்றுக்கு மின்கம்பி வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அணைக்குக் கீழே இருப்பவர்களின் துயரம் வேறு வகை. 2023 செப்டம்பரில் ஏரி உச்ச மட்டத்தை நெருங்கியபோது, அணையை நடத்தும் வோல்ட்டா நதி ஆணையம் மதகைத் திறந்தது. மெப்பே, பாட்டோர், சோககோபே பகுதிகளில் பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். பல ஆண்டுகளாக வெள்ளம் வராததால் ஆற்றின் பழைய வெள்ளப்பாதையிலேயே வீடுகள் எழும்பியிருந்தன. எச்சரிக்கை வந்தபோது எங்கே போவது என்ற ஏற்பாடு ஊரளவில் இல்லை. அணை உடையாமல் இருக்க மதகைத் திறந்தாக வேண்டும் என்பது சரிதான். ஆனால் மதகு திறப்பதற்கான ஒத்திகையும் கீழ்க்கரை மக்களை மேட்டுக்கு நகர்த்தும் திட்டமும் ஒன்றாகச் செயல்படாதது நிர்வாகத்தின் தவறு.

உற்பத்தி, கடத்தல், விநியோகம்: யார் எதைச் செய்கிறார்கள்?

அகோசோம்போ (1,020 மெகாவாட்), க்போங் (160 மெகாவாட்) நீர்மின் நிலையங்களும் அரசின் அனல்மின் நிலையங்களும் வோல்ட்டா நதி ஆணையத்திடம் உள்ளன. 400 மெகாவாட் புய் அணைக்குத் தனி ஆணையம். உயரழுத்தக் கம்பி கிரிட்கோவுடையது. தெற்கே வீடுகளுக்கு விநியோகிப்பது இ.சி.ஜி., வடக்கே நெட்கோ. விலையை முடிவு செய்வது பி.யு.ஆர்.சி. என்ற ஒழுங்குமுறை ஆணையம். இவர்களோடு சன்ஆன் அசோக்லி, சென்பவர், அக்சா, கார்பவர் போன்ற தனியார் உற்பத்தியாளர்கள்.

இந்தச் சங்கிலி முழுவதற்கும் பணம் உள்ளே வரும் பிரதான வாசல் இ.சி.ஜி.யின் பில் வசூல்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகள் எளிதாகும்.

டும்சோர் என்பது என்ன? 2012–2016-ல் உண்மையில் என்ன பழுதானது?

'அணைத்துவிடு, ஏற்று' என்று பொருள்படும் ட்வி மொழிச் சொற்களின் சேர்க்கை. மின்வெட்டுக்கு கானா முழுவதும் இதுவே பெயர். 2015 தொடக்கத்தில் நிலைமை மிக மோசமானபோது அட்டவணை 24 மணி நேரம் இல்லை, 12 மணி நேரம் உண்டு என்று இருந்தது. தையற்கடை, குளிர்ந்த மீன் விற்பவர், முடிதிருத்துபவர், வீட்டுப் பிரசவ மையம் என்று ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத அத்தனை பேரின் வருமானமும் அதோடு போயிற்று. மே மாதம் அக்ராவில் நடிகை இவான் நெல்சன் முன்நின்று நடத்திய மெழுகுவர்த்திப் பேரணி பெரும் கவனம் பெற்றது.

பழுது ஓரிடத்தில் இல்லை, அடுக்கடுக்காக வந்தது. நைஜீரியாவிலிருந்து பெனின், டோகோ வழியாகப் பெரும்பகுதி கடலடியில் 678 கிலோமீட்டர் வரும் மேற்கு ஆப்பிரிக்க எரிவாயுக் குழாய், 2012 ஆகஸ்டில் டோகோ அருகே ஒரு கப்பலின் நங்கூரத்தில் சிக்கிச் சேதமடைந்தது. வாயு திரும்ப வந்தது 2013 ஜூலையில். அதற்குள் அனல்மின் நிலையங்களை இலகு கச்சா எண்ணெயில் ஓட்ட வேண்டியிருந்தது. செலவு மிக அதிகம். அந்த எண்ணெய்க் கப்பலுக்கு முன்பணம் கட்ட வோல்ட்டா நதி ஆணையத்திடம் காசில்லை, ஏனென்றால் இ.சி.ஜி. அவர்களுக்குப் பாக்கி வைத்திருந்தது. எண்ணெய் இல்லாததால் அணையிலிருந்து வழக்கத்துக்கு மேல் நீரை எடுத்தார்கள். மழை குறைந்த ஆண்டுகளில் அது ஏரியைக் கீழே இழுத்தது. 2016-ல் குறைந்தபட்ச இயக்க மட்டமான 240 அடிக்குக் கீழேயும் சுழலிகள் ஓடின. அதே ஆண்டு ஜூபிலி எண்ணெய் வயலின் மிதவைக் கப்பலில் சுழல்கோபுரத் தாங்கி பழுதாகி, உள்நாட்டு வாயுவும் தடைப்பட்டது.

பாருங்கள், இயந்திரங்கள் இருந்தன. பெரும்பாலான நாட்களில் இல்லாமற்போனது எரிபொருள். எரிபொருள் இல்லாமற்போனதற்குக் காரணம் கடன் பாக்கி. ஆனால் அரசு எடுத்த மருந்து, புதிய இயந்திரங்கள்.

அதிக மின்சாரம் வாங்கிக் கடனில் விழுவது எப்படி நடக்கும்?

2014–2016-ல் தேர்தல் நெருங்க நெருங்க, அவசரகாலம் என்ற பெயரில் போட்டி ஏலம் இல்லாமல் ஒப்பந்தங்கள் அடுத்தடுத்துக் கையெழுத்தாயின. எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கூட்டுக்கணக்கை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு விற்பனையாளரும் மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் தரவேண்டும் என்ற 'டேக் ஆர் பே' நிபந்தனையை வைத்தார். கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு செய்தால் விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை உண்டல்லவா, அதுபோல. 2019-ல் இந்த வகையில் கட்டுப்பட்டிருந்த திறன் சுமார் 2,300 மெகாவாட்.

சுமையின் அளவு புரிய ஒரு மாதிரிக் கணக்கு. நிலையத்தின் திறன் 200 மெகாவாட், ஆண்டில் 90 சதவீத நேரம் தயார்நிலை, நிலைக்கட்டணம் யூனிட்டுக்கு 4 அமெரிக்க சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 2,00,000 கிலோவாட்டை 8,760 மணியாலும் 0.9-ஆலும் பெருக்கினால் 157.68 கோடி யூனிட். ஒரு விளக்கும் எரியாவிட்டாலும் கட்டவேண்டியது 6.3 கோடி டாலர். ஒரு டாலர் 6 சேடியாக (கானாவின் நாணயம்) இருக்கும்போது இது ஏறக்குறைய 38 கோடி சேடி. டாலர் 14 சேடியானால் 88 கோடி சேடி. 2022-ல் நடந்தது இதுதான்: ஜனவரியில் 6-ஐ ஒட்டியிருந்த டாலர், நவம்பரில் 14-ஐத் தொட்டது. மக்கள் கட்டும் பில் சேடியில், ஒப்பந்தம் டாலரில். அந்த டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்கான தவணையை நிறுத்திவைத்தது. 2023-ல், சுமார் 173 கோடி டாலர் பாக்கி இருப்பதாகச் சொல்லித் தனியார் உற்பத்தியாளர்கள் ஜூலை தொடக்கத்தில் எட்டு நாள் நிலையங்களை மூடப்போவதாக எச்சரித்தார்கள்.

அமெரி ஒப்பந்தத்தில் என்ன சர்ச்சை?

பத்து ஜி.இ. நடமாடும் எரிவாயுச் சுழலிகள், மொத்தம் 250 மெகாவாட், ஐந்தாண்டுக்கு 51 கோடி டாலர். விற்றது அமெரி என்ற துபாய் நிறுவனம். 2015 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதே டிசம்பரில் நார்வேயின் வி.ஜி. நாளிதழ், இந்த இயந்திரங்களின் சந்தை விலை இதைவிட வெகு குறைவு என்று எழுதிய பிறகே கானாவில் பெரும் கேள்வி எழுந்தது. மின்வெட்டை அந்த ஆண்டுக்குள் ஒழிப்பதாக உறுதி கூறியிருந்த மின்துறை அமைச்சர் குவாபேனா டொன்கோர் ஆண்டின் கடைசி நாளில் பதவி விலகினார். 2016 தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு அமைத்த குழு 15 கோடி டாலர் அதிகம் கொடுக்கப்பட்டதாகச் சொன்னது. பிறகு அந்த அரசே ஒப்பந்தத்தைத் திருத்தி நீட்டிக்க முயன்றது; அந்தத் திருத்தத்தை ஒட்டி 2018 ஆகஸ்டில் எரிசக்தி அமைச்சர் போவாக்யே அகியார்கோ நீக்கப்பட்டார். இரு பெரிய கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

தேவையில்லாத ஒப்பந்தங்களை ரத்து செய்துவிடலாமே?

செய்து பார்த்தார்கள். ஜி.பி.ஜி.சி. என்ற நிறுவனத்தின் ஒப்பந்தத்தை 2018 பிப்ரவரியில் அரசு ரத்து செய்தது. அந்நிறுவனம் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2021 ஜனவரியில் 13.4 கோடி டாலரும் வட்டியும் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. ஒரு யூனிட் மின்சாரம்கூட வராத நிலையத்துக்கான இழப்பீடு அது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ரத்துக்கான தொகை ஒரு பட்டியலாகவே பின்னிணைப்பில் இருக்கும்; எந்த ஆண்டில் விலகினால் எவ்வளவு என்று. அமைச்சரவை முடிவுக்கு முன் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். எடுபடும் வழி மறுபேச்சுதான்: நிலைக்கட்டணத்தைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது, பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவைப்பது, டேக் ஆர் பேயை எடுத்தால் மட்டுமே கட்டணம் என்று மாற்றுவது. இதற்கு ஆண்டுக்கணக்கில் நேரம் பிடிக்கும், கையில் ரொக்கமும் வேண்டும்.

எரிவாயு மேற்கே, மின்நிலையம் கிழக்கே என்கிறார்களே?

ஆம், இது பொறியியல் தவறாகத் தெரிந்தாலும் வேர் ஒப்பந்தங்களில் இருக்கிறது. தேமா நகரம் கிழக்கே. தொழிற்சாலைகளும் பல தனியார் நிலையங்களும் அங்கே. நைஜீரிய வாயு கிழக்கிலிருந்து வந்தபோது அது சரியான இடம். பின்னர் கிடைத்த கானாவின் சொந்த வாயு, ஜூபிலியும் சங்கோஃபாவும், மேற்கே தகோராடி பக்கம். இத்தாலியின் ஏனி இயக்கும் சங்கோஃபா வயலின் வாயுவுக்கும் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்ற நிபந்தனை. அதற்கு உலக வங்கிக் குழுமம் 70 கோடி டாலர் உத்தரவாதம் கொடுத்தது. 2018-ல் வாயு வரத் தொடங்கியபோது மேற்கே அதை முழுதாக எரிக்க நிலையங்கள் போதவில்லை, கிழக்கே கொண்டுபோகக் குழாய் வழி இல்லை. ஆக, மின்சாரம் எடுக்காததற்கு ஒரு கட்டணம், வாயு எடுக்காததற்கு இன்னொரு கட்டணம்.

இரண்டு திருத்தங்கள் 2019-ல் நடந்தன. நைஜீரியக் குழாயிலேயே மேற்கிலிருந்து கிழக்காக வாயு ஓடும்படி தகோராடியில் இணைப்பும் அளவுமானியும் பொருத்தப்பட்டன. தேமாவில் கனரக எண்ணெயில் ஓடிய, துருக்கியின் கார்பவர் மிதவை நிலையத்தை, 470 மெகாவாட் கப்பலையே, மேற்கே செகோண்டி கடற்படைத் தளத்துக்கு இழுத்துவந்து வாயுவில் ஓட்டினார்கள். இரண்டும் பயன் தந்தன. இவற்றை ஒப்பந்தத்தோடு சேர்த்தே திட்டமிட்டிருந்தால் இடைப்பட்ட காலத்துக் கட்டணம் மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு திறன் இருந்தும் இன்றும் மின்சாரம் போவது ஏன்? காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த நேரத்தில், எவ்வளவு பரப்பில் போகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரு மாவட்டம் முழுக்க, முறைவைத்து, பகலிலும் போனால் உற்பத்தி அல்லது எரிபொருள் தட்டுப்பாடு. நாடு முழுக்க ஒரே நொடியில் இருண்டால் உயரழுத்த வலையமைப்பு சரிந்திருக்கிறது. உங்கள் தெருவில் மட்டும், மாலை ஏழு மணியை ஒட்டி, அடுத்தடுத்த நாட்களில் போனால் அது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர்.

கடைசி வகை அக்ராவின் விரிவடையும் புறநகர்களில் அதிகம். 200 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் கீழ் 60 வீடுகள் இருந்த இடத்தில் 150 வீடுகள் வந்துவிடும். பாதி வீட்டில் ஏ.சி. கம்பி நீள நீளக் கடைசி வீட்டில் மின்னழுத்தம் 230-லிருந்து 180-க்கு இறங்கும். குறைந்த அழுத்தத்தில் மோட்டார்கள் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், சூடு ஏறும், ஃபியூஸ் போகும். ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பியைக் கட்டி ஓட்டினால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மரின் சுருளே. இதற்கு மருந்து இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரை வைத்துச் சுமையைப் பிரிப்பது, மூன்று ஃபேஸிலும் வீடுகளைச் சமமாக மாற்றிக் கட்டுவது, கம்பியின் தடிமனைக் கூட்டுவது. நாடாவெட்ட எந்த அமைச்சரும் வராத வேலை இது. அதனால்தான் ஆண்டாண்டாகத் தள்ளிப்போகிறது.

2024 ஏப்ரலில், மின்தடை குறித்து முன்னறிவிப்பு கொடுக்கத் தவறியதற்காக இ.சி.ஜி. இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு பி.யு.ஆர்.சி. 58 லட்சத்து 68 ஆயிரம் சேடி அபராதம் விதித்தது. நிறுவனத்துக்கு விதித்தால் அது மீண்டும் மக்கள் பில்லில் ஏறும். தனிநபர்களுக்கு விதித்தது சரியான முன்னுதாரணம்.

இ.சி.ஜி.யில் பணம் எங்கே நின்றுபோகிறது?

நூறு யூனிட் வாங்குவதாக வைப்போம். விநியோக இழப்பு மோசமான ஆண்டுகளில் 30 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. கணக்குக்கு 28 என்று எடுத்தால் பில் போடப்படுவது 72 யூனிட்டுக்கு. அதில் 85 சதவீதம் வசூலானால் கைக்கு வருவது 61 யூனிட்டின் விலை. மீதி 39 யூனிட்டுக்கான கொள்முதல் விலையும் நிலைக்கட்டணமும் அப்படியே நிற்கும்.

இழப்பில் ஒரு பகுதி கம்பியில் சூடாகப் போவது. மற்றது மீட்டரைத் தாண்டிக் கட்டிய கம்பி, பதிவேட்டில் இல்லாத மீட்டர், படிக்காமல் போட்ட தோராய பில், செல்வாக்குள்ளவரின் கட்டாத பாக்கி. அரசு அலுவலகங்களும் அரசு நிறுவனங்களுமே பெரிய பாக்கிதாரர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முன்கட்டண மீட்டரை ஏழை வீட்டில் பொருத்திவிட்டு அமைச்சகத்தில் பொருத்தாமல் இருப்பது நியாயமே இல்லை.

2020-ல் வசூல் முழுவதையும் ஒரே கணக்கில் கட்டி, முன்கூட்டி வகுத்த விகிதத்தில் உற்பத்தியாளர், கிரிட்கோ, எரிபொருள் விற்பவர் எல்லோருக்கும் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஏற்பாடு நல்லது. வசூலான தொகை முழுவதும் அந்தக் கணக்கை வந்தடையாததே அதன் கோளாறு.

தனியாரிடம் கொடுத்துப் பார்த்தார்களே, அது என்ன ஆயிற்று?

அமெரிக்காவின் மில்லேனியம் சேலஞ்ச் நிறுவனத்தோடு 2014-ல் சுமார் 49.8 கோடி டாலர் உடன்பாடு. அதன் முக்கிய நிபந்தனை இ.சி.ஜி.யைத் தனியார் நடத்த வேண்டும் என்பது. பிலிப்பைன்ஸின் மெரால்கோவும் கானாப் பங்குதாரர்களும் சேர்ந்த பி.டி.எஸ். என்ற நிறுவனம் 2019 மார்ச் 1-ல், 20 ஆண்டுக் காலத்துக்குப் பொறுப்பேற்றது. ஐந்தே மாதத்தில், அது கொடுத்திருந்த உத்தரவாதப் பத்திரங்கள் செல்லாதவை என்று சொல்லி அரசு நிறுத்திவைத்தது. கத்தாரின் காப்பீட்டு நிறுவனம், அதில் கையெழுத்திட்டவருக்கு அதிகாரமில்லை என்று தெரிவித்திருந்தது. அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது, அமெரிக்கா 19 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சொத்தை ஒப்படைக்கும் முன் உத்தரவாதம் கொடுத்த நிறுவனத்திடமே நேரடியாக உறுதி பெறுவது அடிப்படைப் படி. அது நடக்காமல் நாட்டின் விநியோக வலையமைப்பு கைமாறியது.

மின்கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

சட்டப்படி பி.யு.ஆர்.சி. நடைமுறையில் தேர்தல் நாட்காட்டியின் நிழல் விழுகிறது. 2015 டிசம்பரில் கட்டணம் 59.2 சதவீதம் ஏறியது. ஆட்சி மாறி, 2018 மார்ச்சில் வீடுகளுக்கு 17.5 சதவீதமும் வணிகத்துக்கு 30 சதவீதமும் குறைக்கப்பட்டது. நிலைக்கட்டணச் சுமை ஏறிக்கொண்டிருந்த அதே காலம். 2022-ல் மீண்டும் 27.15 சதவீத உயர்வு. இடையில் துண்டு விழுந்ததை எரிபொருள் வரி தாங்கியது: 2015 எரிசக்தி வரிச் சட்டம், அந்த வரி வருமானத்தை அடகு வைத்து 2017-ல் விற்ற கடன்பத்திரங்கள், 2025-ல் லிட்டருக்கு மேலும் ஒரு சேடி. டிரோட்ரோ வேனில் போகும் சந்தைக்காரர், தான் பயன்படுத்தாத மின்நிலையத்துக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கிறார்.

கிராமங்களுக்கு இணைப்பு எப்படிக் கிடைக்கிறது?

சுயஉதவி மின்மயமாக்கல் திட்டத்தின் விதி தெளிவானது. ஊர் 33 அல்லது 11 கிலோவோல்ட் கம்பியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாழ்வழுத்தக் கம்பங்களை ஊரே வாங்கி நட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வீடுகளாவது ஒயரிங் முடித்துத் தயாராக இருக்க வேண்டும். மற்றதை அரசு செய்யும். கானாவின் இணைப்பு விகிதம் உயர்ந்ததில் இந்தத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கோளாறு வருவது கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவில். தேர்தலுக்கு முன் கம்பங்கள் வந்து சாலையோரம் இறங்கும். கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் மீட்டரும் வேறு வேறு ஒப்பந்ததாரர்களிடம் இருக்கும். தேர்தல் முடிந்து கம்பம் மட்டும் நிற்கும் ஊர்கள் பல. உங்கள் ஊருக்கு உறுதி கொடுத்தால், கம்பத்தை எண்ணாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் எந்தக் கிடங்கிலிருந்து எந்த ஆணை எண்ணில் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

எல்லாம் சீனக் கடன்தானே?

இல்லை. சீனப் பணம் உண்டு: சைனோஹைட்ரோ கட்டி 2013-ல் முடித்த புய் அணைக்குச் சீன எக்சிம் வங்கிக் கடன், அதற்கு ஈடாகக் கோகோ ஏற்றுமதி வருமானம் வைக்கப்பட்டது. அடுவாபோ வாயு ஆலைக்குச் சீன வளர்ச்சி வங்கி. ஆனால் நாட்டை நெருக்கிய நிலைக்கட்டணங்களில் துருக்கிக் கப்பல், துபாய் விற்பனையாளர், இத்தாலியர் இயக்கும் எரிவாயு வயல், உலக வங்கி உத்தரவாதம் எல்லாம் இருக்கின்றன. கடன் கொடுத்தவரின் கொடியைப் பார்ப்பதைவிட ஒப்பந்தத்தின் விதியைப் பார்ப்பது பயன்படும்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?

சாயல் உண்டு. கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலைகள், 365 காற்றாடி, 310 மெகாவாட், 2017-ல் தயாராகிவிட்டன. 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மின்கம்பி வழி, ஒப்பந்தம் எடுத்த ஸ்பானிய நிறுவனம் நொடித்ததால் 2018-ல்தான் முடிந்தது. எடுக்காத மின்சாரத்துக்கு அபராதம் கட்ட நேர்ந்தது. நைஜீரியாவின் 461 மெகாவாட் அசுரா-எடோ நிலையமும் டேக் ஆர் பே வகைதான். கினி-பிசாவ் தலைநகரில் 2023 அக்டோபரில் பாக்கிக்காக மிதவை நிலையம் இணைப்பைத் துண்டித்தது. காங்கோவில் 1982-ல் முடிந்த இங்கா–கோல்வேசி உயரழுத்தக் கம்பி, மின்சாரமே இல்லாத கிராமங்களின் தலைக்கு மேல் சுமார் 1,700 கிலோமீட்டர் ஓடிக் கட்டாங்கா சுரங்கங்களுக்குப் போகிறது. தென்னாப்பிரிக்கா எதிர்த்திசை: 1998-லேயே அரசின் வெள்ளை அறிக்கை புதிய நிலையங்கள் வேண்டும் என்று எச்சரித்தும் கட்டத் தாமதித்து, 2008-லிருந்து மின்வெட்டில் சிக்கியது.

சூரிய மின்சாரம் இதை மாற்றுமா?

2011 சட்டத்தின் அடிப்படையில் 2020-க்குள் பத்து சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு வைத்து, பிறகு 2030-க்குத் தள்ளினார்கள். மிகுதித் திறனுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் அரசுக்குப் புதிதாக வாங்க விருப்பம் குறைவு. ஒன்றைக் கவனியுங்கள்: பில்லை ஒழுங்காகக் கட்டும் ஆலைகளும் ஓட்டல்களும் கூரையில் தகடு போட்டு விலகினால், நிலைக்கட்டணம் மிச்சமுள்ளவர்களின் தலையில் ஏறும்.

புதிய மின்திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டால் எதைத் தேட வேண்டும்?

கானா அரசியல் சாசனத்தின் 181(5) பிரிவின்படி அரசின் பன்னாட்டு வணிக ஒப்பந்தங்கள் நாடாளுமன்ற ஒப்புதல் பெற வேண்டும். ஆகவே ஆவணம் குழுவின் மேசைக்கு வரும் தருணம் ஒன்று உண்டு. பல நேரங்களில் 'அவசர மசோதா' என்று ஓரிரு நாளில் கடந்துவிடும். அந்த இடைவெளியில் படிக்க வேண்டியவை:

முதலில் ஏலம் நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் அதே இயந்திரம் வேறு நாட்டில் கிலோவாட்டுக்கு என்ன விலைக்குப் போனது என்று ஒப்பிடுங்கள். அடுத்து நிலைக்கட்டணத்தின் நாணயம், தயார்நிலை சதவீதம், ஒப்பந்த ஆண்டுகள். மேலே போட்ட பெருக்கலை அந்த எண்களால் போட்டுப் பார்த்து, டாலர் விலையை இரட்டித்தும் ஒருமுறை பாருங்கள். எரிபொருளை யார் கொண்டுவந்து தரவேண்டும் என்ற விதி மிக முக்கியம்: அரசு தரவேண்டும் என்றிருந்தால், வாயு வராத நாளுக்கும் நிலையத்துக்குக் கட்டணம் உண்டு. கம்பி வழி முடியாவிட்டால் 'எடுத்ததாகக் கருதப்படும் மின்சாரம்' என்ற பிரிவு இருக்கிறதா? அரசு உத்தரவாதக் கடிதம் தனி ஆவணமாக இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். கடைசியாக ரத்துத்தொகைப் பட்டியல், எந்த நாட்டு நடுவர் மன்றம், எந்த நாட்டுச் சட்டம்.

இவற்றோடு, ஏற்கெனவே கையெழுத்தான நிலையங்கள் எந்த ஆண்டில் இணையும் என்ற பட்டியலையும் உச்சத் தேவையின் வளர்ச்சியையும் ஒரே தாளில் கிரிட்கோவிடம் கேளுங்கள். 2015-ல் அந்தத் தாள் நாடாளுமன்றக் குழுவின் மேசையில் இருந்திருக்க வேண்டும்.